பதினாலாவது குதிரைக்குச் சொன்ன ஓம்

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால், திகதி என்ன, மணி என்ன, பக்கத்தில் நின்றது யார் என்று கேட்டே கதையை முறித்துவிடுகிறவன் நான். இருபது வருடத்துக்கு மேலாக நாட்குறிப்பு எழுதுகிறவனுக்கு அந்த மாதிரிக் கதைகளில் பொறுமை வராது. ஆகவே இதையும் அப்படியே சொல்கிறேன், நீங்கள் சிரித்தாலும் குறையில்லை. 2008 பெப்ரவரி, ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகல்.

அப்போது எனக்கு மொன்றியலுக்கு வெளியே ஒரு குதிரை இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. குதிரைதான், பிழையாகக் கேட்கவில்லை, இங்கே சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். முந்தின வருடம் அமெரிக்காவில் இந்தத் தொழில் நின்றுபோனதால் அங்கிருந்தும் லொறிகள் வரும், இரண்டு நாள் நின்றபடியே வந்த குதிரைகள். வந்த நேரம், எத்தனை இறங்கின, தண்ணீர் வைத்தார்களா, சுட்டது ஒரு தரமா இரண்டு தரமா, எல்லாம் எழுதுவது என் பொறுப்பு. மாடு போலில்லை, சுடுவதற்கான பெட்டிக்குள் விட்டவுடன் குதிரை கழுத்தை உயர்த்தித் தலையை ஆட்டும், குறி தப்பும். தப்பினால் விழுந்த பிறகும் கண் விழித்திருக்கும். அதைப் பார்த்தவன் இரவில் சோறு தின்ன மாட்டான்.

துப்பாக்கி பிடித்தவர் சூசை அண்ணை, மன்னார்க்காரர். அவருக்கு மட்டும் குறி தப்பாது. பெட்டிக்கு மேலே குனிந்து, கரகரத்த குரலில் "ஓம் ராசா, ஓம்" என்பார், குதிரை தலையைத் தாழ்த்தும், அவ்வளவுதான். எங்கள் பேச்சில் ஆமாம் என்பதுதான் ஓம், மேற்பார்வையாளர் அதை இந்து மந்திரம் என்று நினைத்து என்னிடம் ரகசியமாக விசாரித்தார். எங்களை வேலைக்கு ஏற்றிப்போகும் வானில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

"அண்ணை, பங்குத்தந்தைக்குத் தெரியுமோ நீங்கள் ஓம் சொல்லுறது?"

"போடா விசரா. அது கேக்குது, நான் ஓம் எண்டுறன்."

"என்னண்ணை கேக்குது?"

"பேந்து சொல்லுறன்" என்று பிறகுக்குத் தள்ளிவிட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் காய்ச்சலில் வரவில்லை. கடுங்குளிர். காலையில் வந்த சிறிய லொறியின் காகிதத்தில் பதினான்கு என்றிருந்தது, இறங்கியது பதின்மூன்று. எல்லாம் இறங்கிவிட்டதா என்று பிரெஞ்சில் கேட்டேன், அமெரிக்கச் சாரதி விளங்காமலே "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினான். உள்ளே ஏறிப் பார்த்திருக்க வேண்டும். குளிருக்குப் பயந்து, காகிதத்தில்தான் பிழை என்று முடிவுசெய்து பதின்மூன்று என்று எழுதினேன். என் கையெழுத்து, என் பிழை.

சூசை அண்ணையின் இடத்தில் ஜில் என்ற கியூபெக்காரன் நின்றான். முதல் குதிரை உள்ளே வந்து தலையை உதறியது. அப்போதுதான் கேட்டது. "ஓம் ராசா, ஓம்." அதே கரகரப்பு. குதிரை காதைத் திருப்பித் தலையைத் தாழ்த்தியது. ஜில் சுட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

"நீயா கதைத்தாய்?"

நான் இல்லை என்றேன். அவனுக்கும் கேட்டிருக்கிறது, அதைக் கவனியுங்கள். பதின்மூன்று குதிரைக்கும் அதே குரல், ஒவ்வொன்றுக்கும் ஒரே வெடி, என் குறிப்பில் இருக்கிறது.

மத்தியானம் அண்ணையின் வீட்டுக்குப் போன் எடுத்தேன். அவருடைய மனைவி மெற்றில்டா அக்கா எடுத்தார்.

"தம்பி, காலமை தொடங்கிப் புலம்புறார். ஓம் ராசா, ஓம் ராசா எண்டு. என்ர கையில செபமாலை, ஒவ்வொண்டுக்கும் ஒரு மணி தள்ளினன். பதின்மூண்டு."

"இப்ப நித்திரையோ அக்கா?"

"எங்க! இன்னும் ஒண்டு கிடக்கு, இன்னும் ஒண்டு கிடக்கு எண்டு எழும்பப் பாக்கிறார். பிடிச்சு வைச்சிருக்கிறன்."

போனை வைத்ததும் முற்றத்தில் இன்னும் நின்ற லொறிக்கு ஓடினேன். முன்பக்கத் தடுப்புக்குப் பின்னால், சாம்பல் நிறப் பெண்குதிரை ஒன்று, முன்கால் ஒடிந்து, தன் மூத்திரம் உறைந்த பனிக்கட்டியில் கிடந்தது. காலையிலிருந்து, நான் பதின்மூன்று என்று எழுதிய நேரத்திலிருந்து.

ஜில் துப்பாக்கியோடு ஏறினான். அது எழும்பத் தெண்டித்துத் தலையைத் தகரத்தில் அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, குறி வைக்க முடியவில்லை. நான் முழங்காலில் விழுந்து கழுத்துக் கயிற்றைப் பிடித்தேன். அது என்னைப் பார்த்தது. பிறகு ஏதோ கேட்டது. குரல் என்று சொல்ல மாட்டேன், மொழி என்றும் சொல்ல மாட்டேன், ஆனால் கேள்வி ஒன்று முடிகிறபோது மேலே எழும்புமே, அந்த எழும்பல் என் மார்புக்குள் வந்தது. என் வாய் தானாக "ஓம் ராசா, ஓம்" என்றது. தலை தாழ்ந்தது. ஒரே வெடி. மணி இரண்டு பத்து.

பிழையைத் திருத்திப் பதினான்கு என்று எழுதி, மிருக வைத்தியரிடம் எண்ணிக்கை பிழைத்ததைச் சொல்லி, தண்டனையாக ஒரு கிழமை வேலையில்லாமல் வீட்டில் இருந்தேன். அது நியாயம்தான்.

திரும்பிப் போன நாள், வானில் சூசை அண்ணை பக்கத்தில் வந்து இருந்தார். அன்று இரண்டு மணி கழியத் தன் காய்ச்சல் விட்டதாம். லொறிக்குள் என் வாயில் வந்ததை நான் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை, ஜில்லும் சொல்லவில்லை என்றான்.

"பதினாலாவதுக்கு நீதானே ஓம் சொன்னனி?"

"ஓம் அண்ணை."

"அது கேட்டது உனக்கு விளங்கினதோ?"

"இல்லை."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"விளங்காமலே ஓம் எண்டு போட்டாய்" என்றார். அது என்ன கேட்டது என்று, அடுத்த வருடம் அவர் டொராண்டோவுக்குப் போகும்வரை எத்தனை தரம் கேட்டிருப்பேன், பேந்து சொல்லுறன் என்பதுதான் பதில்.

வேலையை விட்டுப் பல வருடமாகிறது. யாழ்ப்பாணத்தான் ஒருவன் ஓம் சொல்லாமல் வாழ்வது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. தேத்தண்ணி குடிக்கிறியளோ என்று மனைவி கேட்டால், "குடிப்பம்" என்கிறேன். போனில் "சரி" என்கிறேன். பிள்ளைகள் பகிடி பண்ணுகிறார்கள். பண்ணட்டும். ஒரு தரம் சொல்லிவிட்டேன், எதற்கென்று இன்னும் தெரியாது.