பாதிப் புருவமும் பாப்பாவின் இருமலும்

அழகு நிலையம் நடத்துகிறவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும்: நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியதும் மனிதர்களுக்கு வாய் திறந்துகொள்ளும். ஹட்டன் டவுனில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் என் பார்லர். புருவம் திருத்துவது, ஃபேஷியல், கல்யாணப்பெண் அலங்காரம் எல்லாம் செய்கிறேன். வீட்டுக்காரருக்குக் கொழும்பில் வேலை. அதனால் நர்சரி விட்டதும் நாலு வயது மகள் லக்ஷிகா நேராக பார்லருக்குத்தான் வருவாள். அவளோடு அவளுடைய இருமலும் வரும்.

சிரித்தால் இருமல், ஓடினால் இருமல், பனி இறங்கினால் இருமல். சிரப் போத்தல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காலியாகின, அவ்வளவுதான். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு இருமல் குடியிருந்தால் நான் விளக்க வேண்டியதில்லை. பிள்ளை தொண்டையைச் செருமினாலே நம் கையில் இருப்பது கீழே விழும். என் கையில் இருப்பது பெரும்பாலும் அடுத்தவர் முகம் என்பதுதான் சிக்கல்.

பாதிப் புருவம்

வங்கியில் வேலை செய்யும் ஒரு தங்கச்சி மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் புருவம் திருத்த வந்திருந்தார். ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் தொடங்கப் போகிறேன், பாப்பா இருமத் தொடங்கினாள். இருமி இருமி வாந்தியும் எடுத்துவிட்டாள். நூல் பல்லில் இருந்தபடியே அவளைத் தூக்கிக்கொண்டு படி இறங்கி எதிரே இருக்கிற டிஸ்பென்சரிக்கு ஓடினேன். அங்கே டொக்டர் முதலில் கேட்டதே, "வாயில என்னம்மா தொங்குது?" என்றுதான்.

மருந்து வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால், அந்தத் தங்கச்சி அதே நாற்காலியில் கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். சாப்பாட்டு நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. "போயிருக்கலாமே தங்கச்சி, நாளைக்கு வந்து முடிச்சிருக்கலாமே" என்றேன் வெட்கத்தோடு.

"எப்படிக்கா போறது? ஒரு புருவம் ஆச்சரியப்படுது, மத்தது கோபமா இருக்கு. இந்த மூஞ்சியோட கவுண்டர்ல உக்காந்தா எவன் காசு போடுவான்?"

கசப்பு

ஃபேஷியல் பூசினால் முகத்தை அசைக்கக்கூடாது என்று எல்லாரிடமும் சொல்வேன். ஆனால் பாப்பா ஒருமுறை இருமினால் போதும், பூச்சு வெடித்தாலும் பரவாயில்லை என்று வைத்தியம் சொல்வார்கள். ஒருவர் கொத்தமல்லித் தண்ணி என்பார், ஒருவர் கற்பூரவள்ளிச் சாறு என்பார். ஒரு சிங்கள அக்கா அடுத்த முறை வரும்போது என்னவோ வேரையே பொட்டலம் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே படிப்பிக்கிற ஒரு டீச்சர் தூதுவளைக் கட்சி. "குடுத்துப் பாருங்கோ, ஒரு கிழமைதான், இருமல் போன இடம் தெரியாது" என்று அடித்துச் சொன்னார். நானும் தேடிப் பிடித்துக் காய்ச்சிக் கொடுத்தேன். பாப்பா அதை என் மேலேயே துப்பினாள். அடுத்த முறை டீச்சர் வந்தபோது, "நீங்க சின்ன வயசில இதை எப்படிக் குடிச்சீங்க டீச்சர்?" என்று கேட்டேன்.

"நானோ? நான் ஒருக்காலும் குடிக்கேல்லை. அது சரியான கைப்பு."

தாளம்

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு கல்யாணம். பெண்ணுக்கு அலங்காரம் செய்யப் போனபோது பாப்பாவை விட்டுவிட்டு வர ஆளில்லை, கூட்டிக்கொண்டு போனேன். கோயிலில் சாம்பிராணிப் புகை, ஹோமப் புகை, பெண்ணின் கொண்டையில் நான் அடித்த ஸ்ப்ரே வேறு. சரியாகத் தாலி எடுத்த நேரம் பாப்பா ஆரம்பித்தாள். நாதஸ்வரக்காரரே ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்தார். நான் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடியதும் வீடியோவில் பதிந்திருக்கிறது.

சாப்பாட்டுப் பந்தியில் வீடியோக்காரத் தம்பியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார்:

"பயப்படாதீங்கக்கா, அந்த இடத்துல ஒரு பாட்டைப் போட்டு மறைச்சிருவேன். பாப்பா இருமுற வேகத்துக்குப் பாட்டு கிடைக்கிறதுதான் கஷ்டம்."

டை

இனி வருவது சிரிக்கிற விஷயமில்லை. ஒருநாள் சாயங்காலம் பாப்பாவின் இருமலோடு விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்கு நடுவே குழி விழுந்தது. பேசிக்கொண்டே இருக்கும் பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை. பார்லரைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு த்ரீவீலில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முகமூடி வைத்து மருந்துப் புகை பிடிக்கவைத்தார்கள். மூச்சு அடங்கி, "அம்மா, பிஸ்கட்" என்று அவள் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது.

அங்கே குழந்தை டொக்டர் ஒரு சிங்கள அம்மா. நிதானமாகத் தமிழில் பேசினார். "ஆஸ்துமாவா டொக்டர்?" என்றேன். "இருக்கலாம். இந்த வயசில உறுதியா சொல்ல ஏலாது. இன்ஹேலர் பம்ப் குடுத்துப் பார்ப்போம். ஸ்ப்ரே, பவுடர், சாம்பிராணி ஒண்டும் பிள்ளை கிட்ட வேணாம்." பம்ப் என்றதும் எனக்கு ஒரு பேச்சு ஞாபகம் வந்தது. மாதாமாதம் தலைக்கு டை அடிக்க வரும் ஒரு அம்மா, பம்ப் பழகினால் சாகும்வரை விட முடியாது என்று சொல்லி வைத்திருந்தார். அதை அப்படியே டொக்டரிடம் சொன்னேன்.

அவர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். "அந்த அம்மா டை அடிக்கிறதை விட்டுட்டாங்களா?"

கெட்ட பழக்கம்

இரண்டு நாள் கழித்து நர்சரி மிஸ்ஸிடமிருந்து போன். உடனே வந்து பார்க்கச் சொன்னார். மறுபடியும் இழுப்போ என்று பதறிக்கொண்டு போனால், பாப்பா மணலில் விளையாடிக்கொண்டிருந்தாள். மிஸ்ஸின் முகம்தான் சரியில்லை. என்னை ஓரமாகக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை ஆஸ்பத்திரியில புகை பிடிச்சேன்னு எல்லார்கிட்டயும் சொல்றா. நல்லா இருந்துச்சாம், திரும்பவும் பிடிக்கணுமாம். வீட்டுல யாருக்குங்க இந்தப் பழக்கம்?"

ஆவி

பம்ப் என்றால் சும்மா பம்ப் இல்லை. அதற்கு ஒரு பிளாஸ்டிக் குழாய், குழாய்க்கு ஒரு முகமூடி. அதைக் கண்டாலே பாப்பா மேசைக்கு அடியில் போய்விடுவாள். கெஞ்சிப் பார்த்தேன், அதட்டிப் பார்த்தேன், லொலிபொப் காட்டியும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஒருநாள் கல்யாணப்பெண்ணின் தாயார் ஒருவர், சிரிக்கவே தெரியாத முகம், ஃபேஷியலுக்கு வந்தார். ஆவி பிடிக்கும் மெஷினுக்கு முன்னால் அவரை உட்காரவைத்தேன். புகை புகையாக ஆவி வந்தது. மேசைக்கு அடியிலிருந்து பாப்பா மெதுவாக வெளியே வந்தாள். இந்த ஆன்ட்டிக்கு எவ்வளவு பெரிய பம்ப் என்று நினைத்திருப்பாள் போல. போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்க ஆன்ட்டி. மூச்சை இழுத்து விடுங்க. நான் எண்ணுறேன்" என்று எண்ண ஆரம்பித்தாள். அந்த அம்மாவும் இழுத்து இழுத்து விட்டார். முடிந்ததும் பாப்பா தானாகவே முகமூடியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். எனக்கு நம்பவே முடியவில்லை.

தாயார் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதல்முறையாகச் சிரித்தார். "நல்ல வேளை பிள்ளை சொன்னுச்சு. மூச்சு விடக்கூடாதுன்னு நெனச்சு நான் ஆரம்பத்துலருந்து அடக்கிக்கிட்டுல்ல இருந்தேன்!"

கொண்டை ஊசி

ஸ்ப்ரேயைத் தூக்கிப் போட்டாயிற்று. ஆனால் மலைக் காத்துக்கு ஸ்ப்ரே இல்லாமல் கொண்டை எப்படி நிற்கும்? கொண்டை ஊசிதான் வழி. றொசல்லப் பக்கத்துக் கல்யாணப்பெண் ஒருத்திக்கு, எங்கே அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் குத்திக்கொண்டே போனேன். உதவிக்கு இருக்கும் பிரியா, "அக்கா, போதும்க்கா, தலை கனத்துப் பொண்ணு பின்னால சாயுது" என்று சொல்லும்வரை நிறுத்தவில்லை. கொண்டையில் ஒரு மயிர்கூட அசையவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண், டின்பால் டின் நிறைய ஊசிகளைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தாள்.

"அக்கா, கல்யாண ராத்திரி பூரா எங்க வீட்டுக்காரரு ஊசிதான் புடுங்கினாரு. நல்லா பழகிட்டாரு, உங்ககிட்ட வேலை இருந்தா சொல்லுங்க."

ஓட்டம்

நர்சரி விளையாட்டுப் போட்டி வந்தது. பம்ப் ஒழுங்காக எடுத்த பிறகு இருமல் வெகுவாகக் குறைந்திருந்தது. ஓடவிடுங்கள் என்று டொக்டரும் சொல்லியிருந்தார். ஆனாலும் என் மனசு கேட்குமா? விசில் ஊதியதும் பிள்ளைகள் ஓடினார்கள். கோட்டுக்கு வெளியே, கைப்பையில் பம்போடு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் கூடவே ஓடினேன். பாப்பா நடுவில் நின்று கூட்டத்துக்குக் கைகாட்டினாள், மறுபடியும் ஓடினாள், கடைசியாக வந்தாள். வந்து சிரித்தாள். நான் காத்திருந்தேன். ஒரு இருமல்கூட வரவில்லை.

எனக்குத்தான் மூச்சு முட்டியது. புல்லில் அப்படியே உட்கார்ந்து பாப்பாவைக் கட்டிக்கொண்டு, பேச வராமல் இருமினேன். நர்சரி மிஸ் தண்ணிப் போத்தலோடு ஓடி வந்தார்.

"அம்மாமார் ஓட்டம் அடுத்ததுதானே, நீங்க ஏன் இப்பவே ஓடி முடிச்சீங்க?"

இன்றைக்கும் ஆஸ்துமாவா என்று கேட்டால் டொக்டர் 'இருக்கலாம்' என்ற ஒரே சொல்லில்தான் நிற்கிறார், ஆனால் இருமுவது பிள்ளையாக இருந்தாலும் மூச்சு வாங்குவது அம்மாதான் என்பதை மட்டும் எந்தப் பரிசோதனையும் இல்லாமல் நானே உறுதியாகச் சொல்வேன்.