அக்கா தள்ளிய சீனிப் போத்தல்

போன கிழமை நான் ஏழு நாள் வாய் திறக்கவில்லை. நம்ப முடியவில்லையா? என் கணவரும் நம்பவில்லை. "கேட்டிலயே திருப்பி அனுப்பிவிடுவினம்" என்றார்.

தண்ணீரூற்று என்ற ஊர்ப் பக்கம் ஒரு தியான இல்லம். வாசலிலேயே சிஸ்டர் போனை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினார். மணி அடித்தால் செபம், மணி அடித்தால் சாப்பாடு. நடுவில் மௌனம்.

வருகிற மாதம் பேத்திக்கு ஞானஸ்நானம். பரந்தனில் இருக்கிற என் அக்காவுக்குச் சொல்வதா, விடுவதா? அதை யோசித்து முடிவெடுக்கத்தான் போனேன்.

முதல் நாள் சாப்பாட்டு மேசையில், எனக்கு நேர் முன்னால்... அக்கா!

நாலு வருஷமாக எங்களுக்குள் கதை பேச்சு இல்லை. மகளின் கல்யாணத்துக்கு நேரில் போய்ச் சொல்லாமல், வட்ஸ்அப்பில் அழைப்புக் காட் அனுப்பினேன். அவா வரவில்லை. பெரியம்மா இல்லாமலே தாலி ஏறியது. நானும் இறங்கிப் போகவில்லை.

மௌனம் காக்க மற்றவர்கள் திண்டாடினார்கள். எங்களுக்கென்ன? நாலு வருஷப் பயிற்சி!

ஆனால் அங்கே ஒரு விதி. மேசையில் எதையும் கேட்கக் கூடாது, எட்டி எடுக்கவும் கூடாது. முன்னால் இருப்பவர்தான் பார்த்துத் தர வேண்டும். முதல் நாள் சம்பல் இல்லாமல் இடியப்பம் சாப்பிட்டேன். அவா பார்க்கவில்லையாம். அடுத்த நாள் சொதியை நானும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் மனம் கேட்கவில்லை. தேநீருக்குச் சீனிப் போத்தலைத் தள்ளினேன். அவா திருப்பித் தள்ளினா. கோபம் என்று நினைத்தேன். மறுநாளும் போத்தல் திரும்பி வந்தது. அப்போதுதான் கவனித்தேன்... சாப்பாட்டுக்கு முன் ஒரு குளிசை விழுங்கினா. கால் பெருவிரலில் கட்டு.

மூன்று கரண்டி சீனி போட்டுக் குடிக்கிற அக்கா! கேட்கத் தடையில்லாத நாலு வருஷமும் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று செபத்தில் அழுதேன். பக்கத்திலிருந்தவர் பக்தி என்று நினைத்திருப்பார்.

கடைசி நாள் ஃபாதர், "இனிக் கதைக்கலாம்" என்றார். மண்டபம் சந்தையானது. நாங்கள் இரண்டு பேரும்தான் சும்மா நின்றோம்.

"அக்கா, சீனி வருத்தம் எப்ப இருந்து?"

"அதையும் வட்ஸ்அப்பில கேட்டிருக்கலாமே."

"அக்கா... பேத்திக்கு—"

"ஓம், கேள்விப்பட்டனான். இங்க வைச்சுச் சொல்லாதை. சொன்னா வரமாட்டன். வீட்டை வந்து சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை பரந்தனுக்குப் பஸ் ஏறுகிறேன். வெறுங்கையோடு போக முடியாது. சீனி போடாத நல்ல பலகாரம் எது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

நீங்கள் வட்ஸ்அப்பில் அனுப்பினாலே போதும்.