கீழ்ப்பக்கத்து ஆள்

எங்கள் தோட்டத்து மைதானத்தில் வலது, இடது என்று ஒன்று கிடையாது. மேல்பக்கம், கீழ்ப்பக்கம்தான். மலையைச் சமப்படுத்தத் தொடங்கி யாரோ பாதியில் விட்டுப்போன நிலம் அது. மேல்கோட்டில் நிற்பவனின் முழங்காலுக்கு நேராகக் கீழ்க்கோட்டில் நிற்பவனின் தலை இருக்கும். கீழ்க்கோட்டுக்கு அப்பால் மழைத்தண்ணீர் ஓடுகிற ஒரு கான், அதற்கப்பால் தேயிலை, தேயிலை முடிகிற இடத்தில் ஆறு. பந்து கானைத் தாண்டிவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். தாண்டவிட்டவன்தான் இறங்கிப் போய் எடுத்துவர வேண்டும். அதுவரை மற்றவர்கள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்பார்கள். சிலர் உட்கார்ந்து காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்குவார்கள்.

ஆட்களை நிறுத்தும் முறையும் அந்தச் சரிவைப் பார்த்து வந்ததுதான். மேலே இரண்டு பேர், நடுவில் மூன்று பேர், கீழே ஐந்து பேர். கீழே நிற்கும் ஐவரில் கடைசி ஆள் என் மாமன் மகன். என்னைவிட மூன்று வயது மூத்தவன். தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிக்கிற வேலை. இடைவேளைக்குப் பிறகு அணிகள் கோல் கம்பம் மாறும்போதும் அவன் கானை விட்டு நகரமாட்டான். முதல் பாதியில் வலது கைப்பக்கம் இருந்த கான் அடுத்த பாதியில் இடது கைப்பக்கம் வரும். அவ்வளவுதான். கான் இருக்கிற பக்கம் அவன் பக்கம்.

அவன் கோட்டில் நிற்கமாட்டான். கோட்டுக்கு இரண்டு எட்டு உள்ளே, கானுக்கு முதுகைக் காட்டி நிற்பான். உருண்டு வரும் பந்தைத் துரத்தாமல், அது வந்து சேரும் இடத்தில் முன்னதாகவே காலை வைத்திருப்பான். பாதத்தின் உள்பக்கத்தால் ஒரு தட்டு. பந்து திரும்ப மேலே ஏறும். அவன் ஆடிய நாட்களில் பந்து ஆற்றுக்குப் போவது அபூர்வம். அவன் வராத ஞாயிற்றுக்கிழமையில் இருட்டும்வரை ஆட்டம் முடியாது. ஆனால் கீழே போகாத பந்துக்கு யார் கைதட்டுவார்கள்? கைதட்டெல்லாம் முன்னால் ஆடிய டிரைவர் மகனுக்குத்தான். கோல் போடுகிறவன் அவன்.

நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன். எங்கள் குடும்பத்தில் உயர்தரம்வரை படித்த முதல் ஆள் நான். அணிக்குச் செயலாளர். வெளிநாட்டுக் கழகங்களின் ஆட்டங்களைப் போனில் பார்த்துவிட்டு ஒரு பயிற்சிக் கொப்பியில் கட்டம் போட்டு எழுதுவேன்: யார் எத்தனை கோல், யார் கொடுத்த பந்தில் கோல், யார் எத்தனை முறை பந்தைப் பறிகொடுத்தான். பந்தைத் தடுத்ததற்கு அதில் கட்டம் இல்லை. மாமன் மகனின் வரி பெரும்பாலும் காலியாகவே இருக்கும். அவன் ஒருநாள் எட்டிப் பார்த்தான்.

"என்னா வாத்தி, நான் ஆடவே இல்லையா?"

"கோல் போடு மச்சான், எழுதுறேன்."

"கான்ல ஒரு கம்பத்த நடு. போடுறேன்."

அந்த வருடம் கொழும்பிலிருந்து ஒரு கழகம் அட்டன் நகரத்துக்கு ஆள் தேட வருவதாகச் செய்தி வந்தது. ஒரு கம்பெனிக்குச் சொந்தமான கழகம். எடுபட்டால் விளையாட்டோடு அந்தக் கம்பெனியின் ஸ்டோரில் நிரந்தர வேலை. இருபத்துநான்கு வயதுக்கு மேற்பட்டவர்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். மாமன் மகனுக்கு இருபத்துநான்கு நடந்துகொண்டிருந்தது. மருந்துத் தொட்டியைத் தோளிலிருந்து இறக்குவதற்கு அதைவிட்டால் வேறு வழி இல்லை என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அத்தை அந்த வாரமே மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள்.

அணியின் விபரத்தை ஆங்கிலத்தில் அனுப்பச் சொன்னார்கள். இரண்டு, மூன்று, ஐந்து என்று எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. எந்தக் கழகம் அப்படி ஆடுகிறது? அதனால் நாலு, மூன்று, மூன்று என்று புள்ளி வைத்து அழகாக ஒரு படம் வரைந்தேன். மாமன் மகனின் பெயருக்கு நேரே ரைட் பெக், அதாவது வலப்பக்கத் தடுப்பாட்டக்காரன், என்று எழுதினேன். பயிற்சிக்கு வந்தவர்களைச் சுற்றி உட்காரவைத்து அந்தப் படத்தை விளக்கினேன்.

"ரைட்டுன்னா மேலயா கீழயா?" என்று மாமன் மகன் கேட்டான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "அட்டன் கிரவுண்ட்ல மேல கீழ கெடையாது மச்சான். தட்டையா இருக்கும்."

"அப்ப பந்து எங்க போகும்?"

"நீ ஒதைக்கிற எடத்துக்குப் போகும்."

"அடேங்கப்பா" என்றான். "அப்படின்னா சுகமான வேலதான்."

அவன் கேட்டதில் ஒரு பயம் இருந்தது. அதை நான் பகிடியாக எடுத்துக்கொண்டேன். படித்தவன் செய்கிற தவறு அது.

அட்டனில் எங்களோடு ஆட வந்தது கொத்மலைப் பக்கத்து அணி. ரோட்டுப் பக்கக் கோட்டுக்கு வெளியே ஒரு மேசை போட்டு, கழகத்திலிருந்து வந்த தேர்வாளர் உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசை, கழுத்தில் விசில். நான் அனுப்பிய தாள் அவர் கையில் இருந்தது. "இதை எழுதியது யார்?" என்று சிங்களத்தில் கேட்டார். நான் கையை உயர்த்தினேன். பக்கத்தில் ஒரு நாற்காலியைக் காட்டி, "வா மல்லி, உட்கார்" என்றார். மல்லி என்றால் தம்பி. அன்றுவரை எந்தப் பெரிய மனிதரும் எனக்கு நாற்காலி காட்டியதில்லை.

அவரிடமும் கட்டம் போட்ட தாள்கள் இருந்தன. ஒரு ஆளுக்கு ஒரு தாள். வயது, உயரம், எந்தக் கால், எந்த நிலை. கடைசியில் பத்துக்கு எத்தனை என்று ஒரு கட்டம். ஆட்டம் தொடங்கும் முன்பே உயரத்தைப் பார்த்து மூன்று பேரின் தாள்களை அடியில் தள்ளிவிட்டார்.

முதல் பாதியில் மாமன் மகன் எங்கள் மேசைக்கு முன்னால்தான் ஆடினான். தட்டைத் தரையில் முதலில் கொஞ்சம் தடுமாறினான். அவன் மேலே ஏற்றித் தட்டிப் பழகிய பந்து இங்கே அளவுக்கு மீறி ஓடியது. பத்து நிமிடத்தில் சரிசெய்துகொண்டான். ஒரு பந்தும் எங்கள் மேசையைத் தாண்டி ரோட்டுக்குப் போகவில்லை. "இவன் பரவாயில்லை" என்று தேர்வாளர் சொன்னார். அவனுடைய தாளின் கடைசிக் கட்டத்தில் பென்சிலால் ஏழு என்று எழுதியதை என் கண்ணால் பார்த்தேன்.

இடைவேளை முடிந்து அணிகள் பக்கம் மாறின. ரைட் பெக் இப்போது எதிர்க்கோட்டுக்குப் போக வேண்டும். மாமன் மகன் போகவில்லை. மேசைக்கு முன்னால், கோட்டுக்கு இரண்டு எட்டு உள்ளே, எங்களுக்கு முதுகைக் காட்டி வந்து நின்றான். லெப்ட் பெக்காக ஆடியவன் அட்டனில் பள்ளிக்கூட அணியில் ஆடுகிற பையன். அவனுக்குப் பழக்கம் இருந்தது. அவனும் ஒழுங்காக இந்தப் பக்கம் வந்து சேர்ந்தான். இடது பக்கம் இரண்டு பேர். வலது பக்கம் வெறும் புல்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. எழுந்து, "மச்சான், அங்கிட்டு!" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும்.

தேர்வாளர் என் தாளை விரலால் தட்டினார். "மல்லி, இவன் ரைட் பெக்தானே? இங்கே என்ன செய்கிறான்?"

சொல்ல வேண்டியதெல்லாம் எனக்குத் தெரியும். எங்கள் மைதானம் சரிந்தது, சேர். அங்கே ரைட், லெப்ட் கிடையாது. இந்தப் படம் நானாக வரைந்தது. இவன் தன்னுடைய கோட்டைக் காக்கிறான். ஆனால் அதைச் சொன்னால் நாலு, மூன்று, மூன்று பொய்யாகிவிடும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் வெறும் தோட்டத்துப் பையன் ஆகிவிடுவான்.

"தன்னெ நே சேர்" என்றேன். தெரியாது, சேர்.

மாமன் மகன் ஒரு கணம் திரும்பிப் பார்த்தான். லெப்ட் பெக் பையன், "அண்ணே, அந்தப் பக்கம் போங்க!" என்று கத்தினான். மாமன் மகன் பாய்ந்து ஓடினான். பாதி மைதானத்தைக் கடப்பதற்குள் கொத்மலைக்காரன் அந்த வெறும் புல்லில் பந்தைக் கொண்டுபோய்க் கோல் போட்டுவிட்டான். தேர்வாளர் ஏழு என்பதை அழித்துவிட்டு மூன்று என்று எழுதினார். அதன் பிறகு அவன் எதிர்க்கோட்டில் ஆடிய ஆட்டத்தை அவர் பார்க்கவில்லை. டிரைவர் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவனுக்கு ஒன்பது.

போகும்போது என் கொப்பியைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். "மூன்று பாஷையும் எழுதுவாயா?"

"எழுதுவேன், சேர்."

மூன்று வாரத்தில் அழைப்பு வந்தது. டிரைவர் மகன் கொழும்புக்குப் போனான். அட்டனில் அந்தக் கழகம் திறந்த சிறிய அலுவலகத்தில், மலையகத்து ஆட்டக்காரர்களின் விபரம் எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது. அத்தை நேர்த்திக்கடனைத் தீர்த்தாள். "ஒருத்தனாச்சும் போனானே. அது போதும் சாமி" என்று எனக்குத் திருநீறு பூசினாள். மாமன் மகன் வாசலில் நின்று மருந்தடிக்கிற பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தான்.

கழகத்துக்கு உள்ளே போய்ப் பார்த்தால்தான் ஆளை மதிக்கிற விதம் தெரிகிறது. இருபத்துநான்கு வயது வரை ஒருவன் ஆட்டக்காரன். அடுத்த பிறந்தநாளுக்கு அவனுடைய தாள் வேறு ஃபைலுக்குப் போய்விடுகிறது. கழகத் தலைவரின் தங்கை மகன் ஒருவன் இருக்கிறான். ஓடமாட்டான். அவனுக்கு முன்வரிசைக்குப் பின்னால் நிற்கத்தான் பிடிக்கும். அதற்காகவே போன பருவத்தில் அணியின் முறையை மாற்றினார்கள். அவனுக்குப் பின்னால் இரண்டு பேர் ஓட வேண்டும். அதற்கு நவீனமான காரணங்களை மூன்று மொழியில் எழுதிக்கொடுத்தவன் நான். எங்கள் ஊரில் நிலத்தைப் பார்த்து ஆளை நிறுத்தினார்கள். அதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கம்.

ஒரு வருடம் கழித்துத் தேர்வாளரிடம் உண்மையைச் சொன்னேன். மைதானம், கான், ஆறு, எல்லாவற்றையும். அவர் நெடுநேரம் சிரித்தார். பிறகு கமிட்டிக் கூட்டத்தில் அதைச் சொல்லிக் காட்டினார்: மலையில் இருப்பவர்களுக்கு வலது, இடது தெரியாதாம், பள்ளம் மட்டும்தான் தெரியுமாம். எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கூட்டத்தின் குறிப்பை எழுதிக்கொண்டிருந்தது நான். மாமன் மகனுக்கு அப்போது இருபத்தைந்து நடந்துகொண்டிருந்தது. அவனுடைய தாளில் மூன்று இன்னும் மூன்றாகவே இருக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். கழகத்தின் சட்டை போட்டிருந்தேன். கையில் அவர்களுக்கென்று கேட்டு வாங்கிய புதுப் பந்து. பையன்கள் சந்தோஷமாக வாங்கி அதிலேயே ஆடத் தொடங்கினார்கள். நான் கானுக்குப் பக்கத்தில், மாமன் மகனுக்குப் பின்னால் நின்றேன். அவன் கானுக்கு முதுகைக் காட்டி நின்றான். அதாவது எனக்கு.

"மச்சான், அன்னிக்கு அட்டன்ல..." என்று தொடங்கினேன்.

"தெரியாதுன்னு சொன்ன." அவன் திரும்பவில்லை. "நான் ஒனக்கு ரெண்டு எட்டு முன்னாலதான் நின்னேன். எனக்கும் சிங்களம் தெரியும்டா வாத்தி. ஒனக்கு மட்டுமா மூணு பாஷ?"

மேலேயிருந்து பந்து உருண்டு வந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தக்கூடிய பந்து. காலை வைத்தான், பிறகு மெதுவாக அந்தக் காலை விலக்கிக்கொண்டான். புதுப் பந்து என் பக்கத்தில் கானைத் தாண்டி, தேயிலைக்குள் குதித்துக் குதித்து இறங்கியது.

ஆட்டம் நின்றது. எல்லோரும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்கள்.

"போயி எடுத்துட்டு வா" என்றான்.

இறங்கினேன். ஆற்றங்கரைக் கல்லில் பந்து சிக்கியிருந்தது. சட்டையெல்லாம் நனைந்து, முழங்கால்வரை அட்டையோடு நான் ஏறி வந்தபோது, அவர்கள் பழைய பந்தைப் போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். மாமன் மகன் தன் கோட்டுக்கு இரண்டு எட்டு உள்ளே நின்றிருந்தான். பந்தை வாங்க யாரும் கையை நீட்டவில்லை.