உலகப் போருக்கு நடுவே ஓர் இதயம்

நோட்ஸ் விற்பவர் அதைப் படித்திருக்க வேண்டியதில்லை, பக்கத்தை எண்ணத் தெரிந்தால் போதும் என்றுதான் ரொம்ப நாள் நம்பியிருந்தேன்.

உத்தனப்பள்ளியில் ராயக்கோட்டை ரோட்டோரம் என் ஜெராக்ஸ் கடை. நான் படித்தது எட்டாவது. அதன்பின் ஓசூரில் ஒரு போல்ட் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் இருபத்திரண்டு வருடம் இருந்தேன். டப்பாவுக்கு ஐம்பது போல்ட். ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அந்தப் பழக்கத்தோடுதான் கடைக்கு வந்தேன். வாத்தியார்கள் எழுதித் தரும் நோட்ஸைப் பாடத்துக்கு ஒரு கட்டாக வைத்து, அட்டை மேல் பக்கங்களின் எண்ணிக்கையை எழுதிவிடுவேன். யார் கேட்டாலும் நகலெடுத்து, இரண்டு முறை எண்ணி, பின் அடித்துக் கொடுப்பேன். மார்ச் மாதத்தில் சூடான மெஷின் பக்கத்தில் நின்று வெந்தவர்களுக்கு மேற்கொண்டு நான் சொல்வது எளிதில் புரியும்.

குட்டி எழுத்து

பத்தாவது படிக்கும் பையன் ஒருவன் அறிவியல் நோட்ஸைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கித் தரச் சொன்னான். எதற்கு என்று கேட்க எனக்குக் கூச்சம். ஒரு பக்கம் எடுத்துப் பார்த்தேன். கண்ணாடி போட்டும் எனக்கு ஒரு வரிகூடத் தெரியவில்லை. எழுத்து தெரியாத நகலைக் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. அதனால் முழு அளவிலேயே நாற்பத்தெட்டுப் பக்கமும் எடுத்து, எண்ணி, பின் அடித்து நீட்டினேன்.

அவன் கட்டைக் கையில் வாங்கி எடை பார்த்தான். முகம் தொங்கிப்போயிற்று. "இன்னா ஆன்ட்டி, இவ்ளோ பெரிசா குடுத்தா, படிச்சிட்டுத்தான் போவணும்!"

எது தலை, எது கால்

எங்கள் பக்கத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பிள்ளைகள் படிக்கிறார்கள். மெஷினுக்கு எல்லா பாஷையும் ஒன்றுதான், எனக்கு அப்படியில்லை. தளி பக்கத்திலிருந்து ஒரு விவசாயி மகனுக்காகக் கன்னட நோட்ஸ் கொண்டுவந்தார். தாள்கள் கலைந்திருந்தன. எது மேல்பக்கம் என்று தெரியாமல், வாத்தியார் போட்ட சிவப்புக் கோட்டை அடையாளம் வைத்து முப்பது பக்கமும் அடுக்கிப் பின் அடித்தேன். ஏழு பக்கம் தலைகீழாகப் போய்விட்டது.

பின்னைப் பிடுங்கி மறுபடி அடுக்குகிறேன் என்றேன். அவர் கட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். "இருக்கட்டும் வுடுங்கம்மா. எங்க பையன் புஸ்தகத்த எந்தப் பக்கம் புடிச்சிருக்கான்னே தெரியாது. அந்த ஏழு பக்கமாச்சும் அவனுக்கு நேரா இருக்கட்டும்."

ரிஜெக்ட்

நாகமணி பக்கத்து ஊர்க்காரி. வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ். ஓசூரில் வண்டிகளுக்கு ஹெட்லைட் பூட்டும் கம்பெனியில் ஆறு வருடமாக ஒப்பந்த வேலை. பத்தாவது சான்றிதழ் இருந்தால் பர்மனென்ட் ஆக்குவோம், பட்டியல் இந்த வருடத்தோடு மூடப்படும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அவளுக்கு அறிவியலும் சமூக அறிவியலும் மட்டும் பாக்கி. இரண்டையும் இரண்டு தடவை எழுதித் தவறியிருந்தாள்.

அறிவியல் கட்டு போன மாதமே வாங்கிப் போயிருந்தாள். இந்த முறை சோசியல் வாங்க வந்தவள், கம்பெனி கோட்டுப் பைக்குள் போகுமா என்று மடித்துப் பார்த்தாள். பஸ்ஸில்தான் படிப்பாளாம். நான் எண்ணி முடிக்கும்வரை பொறுமையாக நின்றுவிட்டுச் சொன்னாள்: "லைன்ல நாள் பூரா லைட் மாட்டுறேன் அக்கா, ஒண்ணுகூட ரிஜெக்ட் ஆனதில்ல. இந்த ரெண்டு பாடத்துலதான் நானே ரெண்டு தடவ ரிஜெக்ட்."

முப்பத்தோராம் பக்கம்

தப்பு என் மேல்தான். சோசியல் மூலக்கட்டும் அறிவியல் மூலக்கட்டும் இரண்டுமே நாற்பத்தெட்டுப் பக்கம், இரண்டும் ஒரே வாத்தியாரின் கையெழுத்து. நாகமணி சோசியல் வாங்க வருவதற்கு முன்பே ஒரு நாள், இரண்டையும் பாதி நகலெடுத்து வைத்திருந்தபோது, ஃபேன் காற்றில் இரண்டிலிருந்தும் மேலே இருந்த தாள் பறந்தது. குனிந்து எடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் மூலையில் 31 என்று இருந்தது. கட்டுக்கு ஒன்றாகச் சொருகினேன். எண்ணினேன். நாற்பத்தெட்டு, நாற்பத்தெட்டு. திருப்தியாக இருந்தது. போல்ட் எண்ணுகிறவள், அது எந்த வண்டிக்குப் போகிறது என்றா பார்க்கிறாள்?

அதற்குப் பிறகு அறிவியல் கட்டை யாரும் கேட்கவில்லை. சோசியல் மட்டும் நாகமணியோடு சேர்த்துப் பதினெட்டுப் பேருக்குப் போயிற்று. பரீட்சைக்குச் சில நாள் இருக்கும்போது, பல்லில் கம்பி போட்ட பெண் ஒருத்தி கட்டைத் திறந்தபடியே கடைக்குள் வந்தாள். "ஆன்ட்டி, ரெண்டாம் உலகப் போர் நடந்துட்டே இருக்கு, திடீர்னு இதயம் வருது. நாலு அறை வேற இருக்காம். இது முக்கியமான கேள்வியா?"

பெயர் இல்லாத பதினெட்டுப் பேர்

யாருக்கு எந்தக் கட்டு போயிற்று என்று நோட்டில் குறித்துவைப்பேன். ஆனால் பெயர் கேட்கக் கூச்சம். அதனால் குறிப்பெல்லாம் இப்படித்தான் இருக்கும்: பல்லில் கம்பி. சிவப்பு சைக்கிள். இரட்டைப் பிள்ளைகள், இருவருக்கும் ஒரே கட்டு. தும்மல்.

சரியான பக்கத்தைப் பதினெட்டு நகல் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நின்றேன். கூப்பிட வாய் வரவில்லை. அட்டையில் 'சோசியல் 31ஆம் பக்கம் மாற்றித் தரப்படும்' என்று எழுதி மார்போடு பிடித்துக்கொண்டேன். இரண்டு நாளில் பதினாறு பேர் கிடைத்தார்கள். பதினேழாவது ஆள் தும்மிக்கொண்டே வந்ததால் கிடைத்தான். அவன் எட்டி என் நோட்டைப் பார்த்துவிட்டான். "ஆன்ட்டி, எம் பேரு தும்மல் இல்ல. தினேஷ்!"

கேட்டுக்கு வெளியே

மிச்சம் நாகமணி. அவளுக்கு ஷிஃப்ட் மாறியிருந்தது. நான் கடை திறக்குமுன் பஸ் ஏறிவிடுகிறாள். மறுநாள் அறிவியல் பரீட்சை, அதற்கு மூன்று நாள் கழித்து சோசியல். ஓசூர் பஸ் பிடித்து, ஷிஃப்ட் விடும் மதிய நேரத்துக்குக் கம்பெனி கேட்டுக்குப் போனேன். "எந்த லைன், என்ன நம்பர்?" என்று செக்யூரிட்டி கேட்டார். எனக்குத் தெரிந்த ஒரே நம்பர் முப்பத்தொன்று.

கேட் திறந்தது. நூற்றுக்கணக்கில் பெண்கள், எல்லோருக்கும் ஒரே நீலக் கோட்டு, ஒரே தொப்பி. ஆறு பஸ் நின்றன. இரண்டு பஸ் நிரம்பிக் கிளம்பிவிட்டன. ரோட்டில் நின்று யாரையும் சத்தமாகக் கூப்பிட்டவள் இல்லை நான். கண்ணை மூடிக்கொண்டு "நாகமணீ!" என்று கத்தினேன். மூன்று பேர் திரும்பினார்கள், மூவரும் வேறு நாகமணிகள். இன்னொரு தடவை கத்தினேன். நாலாவது பஸ்ஸின் படியிலிருந்து என் நாகமணி இறங்கி ஓடிவந்தாள்.

விஷயத்தைச் சொல்லிப் பக்கத்தைக் கொடுத்தேன். அவள் கோட்டுப் பையிலிருந்து கட்டை எடுத்தாள். முப்பத்தோராம் பக்கம் மட்டும் மடிந்து மடிந்து நைந்துபோயிருந்தது. நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அய்யோ அக்கா! சண்டையில இதயம் எதுக்கு வருதுன்னு புரியாம லீவு நாள் பூரா இதையேதான படிச்சேன்!"

அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது எதையும் எண்ணத் தோன்றவில்லை. மூன்றாவது தடவையும் அவள் ரிஜெக்ட் ஆனால், அது என் கையால்தான்.

ஐந்து நகல்

ரிசல்ட் வந்து சில நாள் கழித்து நாகமணி கடைக்கு வந்தாள். முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு தாளை மேஜைமேல் வைத்து, "அஞ்சு காப்பி அக்கா, கம்பெனிக்குக் குடுக்கணும்" என்றாள். மதிப்பெண் சான்றிதழ். சோசியல் முப்பத்தெட்டு, அறிவியல் நாற்பத்தாறு. ஐந்து நகலையும் எண்ணினேன். பிறகு, கடை திறந்த நாளிலிருந்து முதன்முறையாக, ஒவ்வொன்றையும் கடைசி வரி வரை படித்தேன்.

அறிவியலில் இதயத்தைப் படம் வரைந்து விளக்கச் சொல்லிக் கேள்வி வந்ததாம். தாள் மாறுவதற்கு முன்னே நீ வாங்கிய அறிவியல் கட்டிலும் அதே பக்கம் இருந்ததே என்றேன். "அதுல இருந்தப்ப ஈசின்னு தாண்டிப் போயிட்டேன் அக்கா. சண்டைக்கு நடுவுல இருந்ததாலதான் மண்டையில நின்னுது. அடுத்து பன்னெண்டாவது எழுதப் போறேன், எல்லாக் கட்டுலயும் ஒரு பக்கம் மாத்தி வச்சிடுங்க."

இப்போதெல்லாம் எண்ணி முடித்த கட்டைப் படித்தும் பார்க்கிறேன். அதனால் கடை வேலை பாதிக்குப் பாதி மெதுவாகிவிட்டது, எட்டாவதோடு நின்ற என் படிப்புதான் பத்தாவதை நெருங்கிக்கொண்டிருக்கிறது.