நெட்டையனின் கண் உயரம்

பேய்க் கதை எனக்குப் பிடிக்கும். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படித்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் "அப்பாடா, கதைதானே" என்று சொல்லிக்கொள்வதும் பிடிக்கும். இந்த ஒன்றுக்கு மட்டும் என்னால் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. இது என் அக்கா வீட்டுக் கூடத்தில் நடந்தது. நடுராத்திரியில்கூட இல்லை. ஜன்னல் வழியே வெயில் விழுந்துகொண்டிருக்க, அடுப்படியில் பால் காயும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க நடந்தது. ஒரு வார்த்தையும் கூட்டி எழுதவில்லை. இத்தனை நாள் யாரிடமும் சொல்லாதவள் இப்போது ஏன் எழுதுகிறேன் என்பது முடிவில் தெரியும்.

அப்போது நான் புகைப்படக் கல்லூரியில் கடைசி வருடம். பிலிமில் எடுத்து, நாமே இருட்டறையில் கழுவிக் கண்காட்சிக்கு வைக்க வேண்டும். எனக்குக் கிடைத்த தலைப்பு குழந்தைகளின் கற்பனை. "பலூன், சோப்புக் குமிழி, பல்லு போன சிரிப்பு, இதையெல்லாம் எடுத்துட்டு வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவேன்," என்றார் ஆசிரியர். "அந்தக் குழந்தை எதைப் பார்க்குதோ, அதை நானும் பார்க்கணும்."

அவருக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. குழந்தையை மேலிருந்து எடுக்கக் கூடாது. அதன் கண் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, கேமராவும் அதே உயரத்தில் நிற்க வேண்டும். அதற்காக எங்கள் ஒவ்வொருவரிடமும் ஓர் ஆளுயர மரக்கம்பு இருந்தது. குழந்தையின் பக்கத்தில் கம்பை நிறுத்தி, கண்ணுக்கு நேராக ஒரு வெள்ளைப் பிளாஸ்திரியை ஒட்டி, அதில் பேரை எழுதிக்கொள்வோம். அடுத்த முறை மறுபடி அளக்க வேண்டாம்.

நான் எடுத்தது அக்கா மகளை. ஐந்து வயது. சுண்டு என்று கூப்பிடுவோம். எவ்வளவு எண்ணெய் வைத்தாலும் படியாத சுருட்டை முடி, தலையைச் சுற்றிப் பஞ்சு போல நிற்கும்.

சுண்டுவுக்கு முன்னால் அக்காவுக்கு ஒரு மகன் இருந்தான். எங்களுக்கு அவன் பொடியன். பிறக்கும்போதே இதயத்தில் கோளாறு. சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை, உயரமும் ஏறவில்லை. "வளர்ந்துடுவான், பார்த்துட்டே இருங்க," என்றார் டாக்டர். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். மாதம் ஒரு முறை கூடத்துச் சுவரில் அவனை நிறுத்துவாள். "குதிகால் ஒட்டணும். மூச்சு விடக் கூடாது." தலைக்கு மேல் நீலப் பென்சிலைப் படுக்கவைத்து ஒரு கோடு போடுவாள். அந்தக் கோடுகள் மேலே போகவில்லை. ஒன்றோடொன்று நெருங்கிக்கொண்டே வந்தன. கடைசியில் இரண்டு கோடுகளுக்கு நடுவே நகம்கூட நுழையாது. நான்கு வயதை அவன் தொடவில்லை.

அவன் போன மறுவாரம் அத்தான் இரும்பு பீரோவை இழுத்து வந்து அந்தச் சுவரை மறைத்தார். படங்களும் சட்டைகளும் பீரோவுக்குள் போயின. அடுத்த வருடம் சுண்டு பிறந்தாள். அவளிடம் அவனைப் பற்றி யாரும் மூச்சு விடக் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டாள். சுண்டுவை அவள் ஒரு நாளும் அளந்ததில்லை. பள்ளியில் உயரம் கேட்டால், "நீங்களே அளந்துக்குங்க," என்பாள். ரொம்ப வருடம் கழித்து, அந்த வருடம்தான் அக்கா மறுபடி வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்திருந்தாள். தளும்பத் தளும்ப நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பது போல, நாங்கள் எல்லோரும் அந்தச் சிரிப்பைச் சுமந்துகொண்டிருந்தோம்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் நான் கம்போடு போனதும் சுண்டு கையை ஆட்டினாள்.

"என்னை அளக்க வேண்டாம் சித்தி. அளந்தாச்சு."

"யாரு அளந்தா?"

"நெட்டையன்."

யாரும் பார்க்க முடியாத ஒரு நண்பன்! எனக்கு வாயெல்லாம் பல். தலைப்பு தேடி வந்து மடியில் விழுந்துவிட்டதே.

"எங்க இருக்கான்?"

"உன் பின்னாடி."

"அவனுக்கு ஒரு பிஸ்கட் கொடுக்கட்டுமா?"

"அவனுக்குப் பசிக்காது. நீதான் வந்ததிலிருந்து தின்னுட்டே இருக்க."

அக்கா அடுப்படியிலிருந்து சிரித்தாள். "வாய பாரு, அப்படியே உன்னை மாதிரி."

இரண்டாவது முறை போனபோது நாற்காலிகளை ஜன்னலோரம் போட்டேன். ஒன்று சுண்டுவுக்கு, ஒன்று நெட்டையனுக்கு. சுண்டுவின் கண்ணுக்கு நேராகக் கம்பில் பிளாஸ்திரி ஒட்டினேன். அவள் விடவில்லை.

"அவனுக்கும் ஒட்டு."

"சரி, நிக்கச் சொல்லு."

குழந்தைகள் கற்பனையில் உண்டாக்கும் நண்பர்கள் பெரும்பாலும் அவர்களைவிடச் சின்னவர்கள் என்று எங்கோ படித்திருந்தேன். சுண்டு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். விரலை நீட்டி, சட்டென்று பின்னுக்கு இழுத்து, மறுபடி மெதுவாகக் கொண்டுபோனாள். அடுத்தவர் கண்ணில் குத்திவிடக் கூடாதே என்று நாம் விரலைக் கொண்டுபோவோமே, அந்த மாதிரி.

"இங்க."

அந்த இடத்துக்கு நேராக இரண்டாவது பிளாஸ்திரியை ஒட்டினேன். சுண்டுவின் பிளாஸ்திரிக்கு மேலே, வெகு மேலே. 'நெட்டையன்' என்று எழுதிக்கொண்டிருந்தபோது, முக்காலியில் நின்றபடியே அவள் அதட்டினாள்.

"ஆடாத! குதிகால் ஒட்டணும். மூச்சு விடக் கூடாது."

என் பேனா நின்றது.

அடுப்படியில் கரண்டிச் சத்தமும் நின்றது. சற்று நேரம்... பிறகு மறுபடி கேட்டது.

யாரோ சொல்லிக் காதில் விழுந்திருக்கும். அத்தான் எப்போதாவது உளறியிருப்பார். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டே போகஸுக்காக டேப்பை எடுத்தேன். தச்சர்கள் வைத்திருக்கும் இரும்பு டேப்தான். இழுத்தால் வரும், விட்டால் 'சர்ர்' என்று உள்ளே ஓடிவிடும். கேமராவிலிருந்து முகம் வரை இழுத்துத் தூரத்தைப் படிப்பேன். சுண்டுவுக்கு அளந்தேன். அடுத்த நாற்காலிக்கு நேராக நீட்டினேன்.

"விட்டுடு சித்தி. அவன் புடிச்சுக்குவான்."

முனையை விட்டுவிட்டுக் கேமராவிடம் வந்து எண்ணைப் படித்தேன். டேப் நேராக நின்றது. இரும்பு டேப் கொஞ்ச தூரம் தானாகவே விறைப்பாக நிற்கும், அது எனக்குத் தெரியும். அதனால் பயப்படவில்லை.

பிறகுதான் பார்த்தேன்.

பூட்டும் பொத்தானை நான் அழுத்தவே இல்லை.

அது உள்ளே ஓடியிருக்க வேண்டும்.

லேசாக இழுத்துப் பார்த்தேன். வரவில்லை.

டுக்... டுக்.

அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு தடவை இழுபட்டது. விளையாட்டுக்கு இழுப்பது போல.

சுண்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கடிகாரத்தில் ஐந்து நாற்பது. ஏன் கடிகாரத்தைப் பார்த்தேனோ தெரியாது. வேறு எங்கேயும் பார்க்கத் தைரியம் இல்லை போலிருக்கிறது. மூன்று படம் எடுத்தேன். கை தானாக எடுத்தது.

"போதும், விடச் சொல்லு," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

டேப் 'சர்ர்' என்று ஓடி வரவில்லை. மெதுவாக... மிக மெதுவாக... முனையைப் பிடித்தபடி யாரோ என்னை நோக்கி நடந்து வருவது போல வந்தது.

டிக்.

மூடிக்கொண்டது.

கல்லூரி இருட்டறையில் மறுநாள் பகலில் அந்தப் பிலிமைக் கழுவிக் காயவைத்து, படங்களைத் தாளில் போட்டேன். சிவப்பு விளக்கு மட்டும். என் தோழி பக்கத்துத் தட்டில் வேலையாக இருந்தாள். எங்கள் வகுப்பு அவளுக்கு வைத்த பேர் 'லவுட்ஸ்பீக்கர்'. மருந்துத் தண்ணீரில் என் படம் மெல்ல மெல்லத் தெளிந்தது. ஜன்னல், சுண்டு, காலி நாற்காலி.

"ஏண்டி, நாற்காலிக்குப் போகஸ் வச்சு, பாவம் புள்ளைய மங்கலாக்கிட்ட? நாற்காலிக்கு என்ன அவ்வளவு மரியாதை?" என்றாள். பிறகு குனிந்தாள். "காத்து அடிச்சுதா?"

"ஜன்னல் சாத்தியிருந்தது."

"அப்ப தலைய பாரு."

முதல் படத்தில் சுண்டுவின் முடி வழக்கம் போலப் பஞ்சாக நின்றது. இரண்டாவதிலும் அப்படித்தான். மூன்றாவதில் உச்சி மட்டும் படிந்திருந்தது. சுற்றிலும் முடி எழும்பி நிற்க, நடுவில் மட்டும் அழுந்தியிருந்தது.

ஓர் உள்ளங்கை அளவுக்கு.

லவுட்ஸ்பீக்கர் அன்று முழுக்க ஒரு வார்த்தையும் பேசவில்லை.

நான் பயந்தேன்தான். ஆனால் பேய்க்குப் பயந்ததைவிட அக்காவுக்குத்தான் அதிகம் பயந்தேன். கண்காட்சிக்கு அவள் வருவாள். இந்தப் படத்தின் முன்னால் நிற்பாள். குடம் உடைந்துவிடும். படத்தை வைப்பதில்லை என்று முடிவு செய்தேன். அக்கா வீட்டில் விட்டு வந்த கம்பிலிருந்து அந்தப் பிளாஸ்திரியையும் கிழித்துவிட வேண்டும் என்று கிளம்பினேன்.

நான் போனபோது அக்கா கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கம்பு அவள் மடியில்.

"இது யாருடி?"

"சும்மா. சுண்டு விளையாட்டுக்குச் சொன்னா."

"இது எதோட உயரம்?"

"கண்ணு."

அக்கா விரலால் அந்தப் பிளாஸ்திரியைத் தடவினாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தை நான் எந்தப் படத்திலும் எடுத்ததில்லை.

"இவ்வளவு வளர்ந்துட்டானா?"

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உனக்குத் தெரியுமா அக்கா?"

"இவ தவழும்போதே அந்த பீரோவைப் பார்த்துச் சிரிப்பா. நான் கேட்டதே இல்லை. கேட்டா போயிடுவானோன்னு பயம்."

அத்தான் வந்ததும், "பீரோவை நகர்த்துங்க," என்றாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டார். மூன்று பேரும் தள்ளினோம். சுவருக்கும் அதற்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாத அளவுக்கு ஒட்டிப் போட்டிருந்தார்கள். அத்தனை வருடத் தூசி. ஒட்டடை அறுந்தது.

கீழே அக்காவின் நீலக் கோடுகள், நெருக்கமாக.

அதற்கு மேலே... இன்னும் கோடுகள்.

நீலம் இல்லை. நகத்தால் கீறியவை. நன்றாக இடைவெளி விட்டு, ஒன்றுக்கு மேல் ஒன்றாக. சோறு ஒட்டி, ஓடியாடி வளரும் ஒரு பிள்ளைக்கு எப்படி ஏறுமோ அப்படி.

கம்பைச் சுவரோரம் நிறுத்தினேன். எல்லாவற்றுக்கும் மேலே இருந்த கீறல், நெட்டையனின் பிளாஸ்திரிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது.

ஒரு நெற்றியின் உயரம்.

அத்தான் இன்னொன்றைக் காட்டினார். பக்கத்தில் இரண்டாவது வரிசை. முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே தொடங்கியது. எழுந்து நிற்கப் பழகும் குழந்தை அவ்வளவுதான் இருக்கும். சுண்டுவை அதன் கீழே நிறுத்தினோம். கடைசிக் கீறல் அவள் உச்சியைத் தொட்டது.

"அதான் சொன்னேனே, அளந்தாச்சுன்னு," என்றாள்.

அக்கா கேட்டாள். "அவன் எங்க இருக்கான் இப்ப?"

"உன் பக்கத்துல. அண்ணாந்து உன் மூஞ்சியப் பார்க்கறான்."

அக்கா பீரோவைத் திறந்து துழாவினாள். நீலப் பென்சில். அதை அவள் தூக்கிப் போடவில்லை.

"சுவத்துல ஒட்டி நிக்கச் சொல்லு. குதிகால் ஒட்டணும். மூச்சு..." அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை.

பென்சிலைப் படுக்கவைத்து, மேலிருந்து சுவரோடு மெல்ல இறக்கினாள்.

நின்றது.

அவள் நிறுத்தவில்லை. அவள் கை அழுத்துவதைப் பார்த்தேன். பென்சில் கீழே இறங்கவில்லை.

நீலமாக ஒரு கோடு போட்டாள்.

அன்று இரவு அவள் சாப்பிட்டாள், தூங்கினாள் என்று அத்தான் சொன்னார். பீரோவை மறுபடி ஒட்டிப் போட்டுவிட்டார்கள். நான் என் கம்பை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டேன். கண்காட்சிக்கு வேறு படங்களைக் கொடுத்தேன். சுமாரான மதிப்பெண்.

இதெல்லாம் நடந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. போன மாதம் அவர்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது பீரோவை நகர்த்தினார்கள். அக்காவின் நீலக் கோடுதான் கடைசி. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. சுண்டுவின் வரிசையும் அங்கேயே நின்றிருந்தது. சுண்டுவைக் கேட்டால், "நெட்டையனா? யாரது?" என்றாளாம். அவளுக்கு ஆறு வயது ஆகிவிட்டது.

"நான் அளந்திருக்கக் கூடாது," என்றாள் அக்கா போனில். "நான் கேட்டதாலதான் போயிட்டான்." அந்தச் சுவரில் மட்டும் வெள்ளையடிக்க விடவில்லை. அதன் பிறகு அவள் சிரித்து நான் கேட்கவில்லை.

என் கம்பு இத்தனை நாளும் கதவுக்குப் பின்னால்தான் நின்றது. எடுக்க வேலை இல்லை. இந்த அறையில் நான் தனியாக இருக்கிறேன், சாவியும் வேறு யாரிடமும் இல்லை. இன்று காலை அறையைக் கூட்டும்போது அதை நகர்த்தினேன்.

சுண்டுவின் பிளாஸ்திரி ஒட்டிய இடத்தில் இருந்தது.

நெட்டையனின் பிளாஸ்திரி அதன் இடத்தில் இல்லை. பழைய பசைத் தடம் மட்டும் தூசி படிந்து கறுப்பாகத் தெரிந்தது.

பிளாஸ்திரி அதற்கு மேலே ஒட்டியிருந்தது. என் கையெழுத்துதான். அதே பேர்தான்.

அக்கா, போனில் சொன்னால் என் குரல் உடைந்துவிடும். அதனால் எழுதி, முன்னாலேயே அனுப்புகிறேன். நீ அவனைத் துரத்தவில்லை. சாயங்காலம் கம்போடு வருகிறேன், பீரோவை நகர்த்தி வை.

மூன்று விரல் வளர்ந்திருக்கிறான்.