காற்று நாட்களில் எழுதியவை

என் அக்கா வீட்டுக்காரர் டவர் கிரேன் ஓட்டுகிறார். பெரிய கட்டடம் எழும்பும் இடங்களில் ஒற்றைக் காலில் நின்று கையை நீட்டிக்கொண்டிருக்குமே, அதுதான். உச்சியில் ஒரு கண்ணாடிக் கேபின். காலையில் ஏணி ஏறி அதற்குள் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் இறங்குவார். சாப்பாட்டுப் பை கயிற்றில் மேலே போகும். பேச்சுத்துணைக்கு ஒரு வாக்கிடாக்கி உண்டு. ஆனால் கீழே நிற்கிறவர் அதில் "கொஞ்சம் இடது, இன்னும் கொஞ்சம், நிறுத்து" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேச மாட்டார்.

நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டிருக்கிற மனிதர் வீட்டுக்கு வந்தால் சும்மா இருப்பாரா? அந்த மொட்டைமாடியில் இது, இந்தச் சந்தில் அது என்று பேசித் தீர்ப்பார். "உங்க அத்தானுக்கு ஏதாவது வழி பண்ணுடி. கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப்போச்சு" என்று அக்கா என்னிடம் வந்து நின்றாள். நான் கம்ப்யூட்டர் பழுதுபார்த்துப் பிழைக்கிறவள். சொந்தமாக ஒரு வலைப்பதிவு போட்டுத் தருகிறேன், எழுதித் தள்ளட்டும் என்றேன்.

அத்தானுக்குச் சந்தேகம். "எல்லாரும் இருக்கற ஆப்லயே எழுதினா போதாதா?"

"அங்க நீங்க வாடகைக்கு இருக்கற மாதிரி அத்தான். வீட்டுக்காரனுக்குப் பிடிக்கலன்னா சாமானைத் தூக்கி வெளிய போட்டுடுவான். இது உங்க சொந்த இடம். வேற எங்கயாவது இதே மாதிரி இடம் வச்சிருக்கறவங்களும் உங்களைப் பின்தொடரலாம். நீங்க எழுதினது நேரா அவங்க இடத்துக்குப் போகும், அவங்க பதில் இங்க வரும். யாருக்குக் காட்டணும், யாருக்குக் காட்டக்கூடாதுன்னு நடுவுல உக்காந்து முடிவு பண்ண ஆள் கிடையாது."

"யாருமே படிக்கலன்னா?"

"யாருமே படிக்கலன்னு அர்த்தம்."

அவருக்கு அந்த நேர்மை பிடித்துவிட்டது. என் வீட்டுச் செருப்பு அலமாரியின் மேல்தட்டில், திரை உடைந்த ஒரு பழைய லேப்டாப்பில் அவருடைய தளம் ஓட ஆரம்பித்தது. என் பங்குக்கு ஒரே நிபந்தனை: படம் கூடாது, பெயர் கூடாது, தெரு கூடாது. அதை அவர் கடைசிவரை மீறவில்லை.

மேலேயிருந்து பார்த்ததை எழுதினார். மூடியில்லாத தண்ணீர்த் தொட்டிகள். யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் மொட்டைமாடியில் நடனம் பழகும் தொந்திக்காரர். எதிர்ச்சாரியில் மூன்றாவது மாடி ஜன்னலில் ஒரு வயதான அம்மாள். ஜன்னல் விளிம்பில் தகர டப்பாச் செடிகளும், கைப்பிடி போன நீல வாளியில் ஒரு எலுமிச்சங்கன்றும் வைத்திருப்பார். மூடி தொலைந்த கெட்டிலால் தண்ணீர் ஊற்றுவார். ஊற்றி முடித்ததும் புறாக்களை நிற்க வைத்துத் திட்டுவார். வார்த்தை மேலே கேட்காது, கையாட்டலைப் பார்த்து அத்தான்தான் வசனம் வைப்பார். அத்தான் அவருக்குக் கெட்டில் அம்மா என்று பெயர் வைத்தார். அவ்வளவுதான், கூட்டம் சேர்ந்துவிட்டது. ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் "இன்னிக்குப் புறாவுக்கு என்ன திட்டு?" என்று விசாரித்தார்கள். இந்த ஜனங்களுக்கு வேறு வேலையே இல்லையா என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே நானும் தினமும் படித்தேன்.

பின்தொடர்கிறவர்களில் ஒருவர்தான் என்னை அரித்துக்கொண்டிருந்தார். அத்தானைப் போலவே தனக்கென ஒரு தளம், அதில் அவர் ஒருவர் மட்டும். படம் இல்லை, ஒரு வரி எழுதியதில்லை, ஒரு விருப்பக்குறி போட்டதில்லை. அவர் பின்தொடர்ந்ததும் எங்கள் அத்தான் ஒருவரை மட்டும்தான். எட்டிப் பார்ப்பது எனக்குப் பிறவிக் குணம். அந்தப் பக்கத்துக்குப் போய்ப் போய்ப் பார்த்தேன், வெறும் சுவர். "எங்க சூப்பர்வைசரா இருக்கும், நான் வேலை நேரத்துல எழுதறேனான்னு வேவு பாக்கறாரு" என்றார் அத்தான்.

இங்கே காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். காற்று ஓர் அளவைத் தாண்டினால் கேபினில் மணி அடிக்கும். கிரேனை அதன் போக்கில் சுழல விட்டுவிட்டு ஓட்டுநர் இறங்கிவிட வேண்டும். காற்று அடங்கும்வரை ஏறக்கூடாது. அந்த நாட்களில் அத்தான் கீழே தகரக் கொட்டகையில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருப்பார். அங்கிருந்து எதிர்ச் சுற்றுச்சுவர்தான் தெரியும். ஆனால் பதிவு மட்டும் ஒரு நாளும் நின்றதில்லை. எப்படி என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

போன மழைக்காலத்தில் மூன்று நாள் விடாமல் காற்று. மூன்று நாளும் பதிவு வந்தது. கெட்டில் அம்மா வந்தார், எலுமிச்சைக்கு ஊற்றினார், புறாவைத் திட்டினார். இரண்டாம் நாள் திட்டு ரொம்பப் பிரமாதம் என்று பலர் பாராட்டினார்கள்.

நான்காம் நாள் காற்று அடங்கி அத்தான் மேலே ஏறினார். ஜன்னல் சாத்தியிருந்தது. செடிகள் சரிந்து கிடந்தன. வாளி உருண்டு விளிம்பில் சாய்ந்திருந்தது. "இன்று ஜன்னல் திறக்கவில்லை" என்று எழுதினார். சில நிமிடங்களில் அந்த வெறும் சுவரிலிருந்து ஒரு பதில் வந்தது.

"அது எங்க அம்மா. கெட்டிலை வச்சுக் கண்டுபிடிச்சேன். பல வருஷமா அவங்க என் போனை எடுக்கறதில்ல. நேத்து ஜன்னல் திறந்துதா? தயவுசெஞ்சு உண்மையைச் சொல்லுங்க."

எனக்கும் அது வந்து விழுந்தது, பழுதுபார்க்கும் மேசையிலேயே படித்தேன். இதில் என்ன கஷ்டம், திறந்தது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே என்று நினைத்தேன். அத்தானின் பதில் வந்தது. "தெரியாது. மூணு நாளா நான் மேல ஏறவே இல்ல. எழுதினதெல்லாம் நானா எழுதினது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

தொங்கிக்கொண்டிருந்த கம்பிக்கட்டைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு அத்தான் ஏணியில் இறங்கினார். வேலை நடுவில் ஓட்டுநர் இறங்குவது அந்தத் தொழிலில் நடக்காத காரியம். "என்னய்யா ஆச்சு உனக்கு?" என்று வாக்கிடாக்கியில் சூப்பர்வைசர் கத்தினார். "ஒரு வீட்டைப் பாத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, சைட் தச்சரையும் கையோடு இழுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினார். கதவைத் தட்டினார்கள். பதில் இல்லை. அந்த அம்மாள் ஊருக்குப் போயிருப்பார் என்று பக்கத்து வீட்டுக்காரர் நினைத்திருந்தார். தச்சர் பூட்டை உடைத்தார்.

குளியலறைக்கும் கட்டிலுக்கும் நடுவில் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. உயிர் இருந்தது. விழுந்தது முதல் காற்று நாளின் காலையில்.

ஆஸ்பத்திரியில் சேர்த்து, பிழைத்துவிடுவார் என்று டாக்டர் சொன்ன பிறகு மகனுக்கு அத்தான் தகவல் அனுப்பினார். நன்றி என்று ஆரம்பித்த பதிலில் இப்படி ஒரு வரி இருந்தது: "மூணு நாளும் உங்க பதிவைப் படிச்சுட்டு நிம்மதியாத் தூங்கினேன்." நாலு வசவு எழுதியிருந்தால் கூட அத்தான் தாங்கியிருப்பார். அதைப் படித்துவிட்டு என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தினமும் எழுதலன்னா யார் உங்களை அடிக்கப் போறா? ஏன் அத்தான் இப்படி?" என்றேன்.

"அவங்க தினமும் செய்யறதுதானே, இன்னிக்கும் செஞ்சிருப்பாங்கன்னு நினைச்சேன்" என்றார். "அந்தப் பதிவையெல்லாம் அழிச்சுடு."

"நம்ம பக்கத்துல அழிக்கலாம். ஏற்கெனவே எத்தனையோ பேர் இடத்துக்குப் போயாச்சு. அழிங்கன்னு சொல்லி அனுப்பலாம், எல்லாரும் அழிப்பாங்கன்னு சொல்ல முடியாது. அப்படியே இருக்கட்டும். கீழ உண்மையை எழுதுங்க."

எழுதினார். வானிலைத் தகவலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழைய காற்று நாட்களையெல்லாம் தேடித் தேடி, ஒவ்வொன்றின் கீழும் "அன்று நான் ஏறவில்லை, இது கற்பனை" என்று சேர்த்தார். எத்தனை என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. படித்தவர்களில் பலர் காறித் துப்பாத குறையாகப் பேசிவிட்டுப் போனார்கள். சிலர் இருந்தார்கள்.

மகன் விமானம் ஏறி வந்து சேர்ந்தார். மறுநாள் அத்தானும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அம்மாவுக்கும் மகனுக்கும் என்ன சண்டை என்று நான் கேட்கவில்லை. கேட்கத் துடித்தது உண்மை. அம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், மகன் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அத்தான் எல்லாவற்றையும் சொன்னார். மாசக்கணக்காகப் பார்த்தது, எழுதியது, பார்க்காமலே எழுதியது.

"என்னைப் பத்தி எழுதறதுக்கு என்னைக் கேட்டீங்களா?"

"இல்லம்மா."

"இனிமே எழுதாதீங்க. நல்லதும் வேணாம், கெட்டதும் வேணாம்." பிறகு மகன் பக்கம் தலையைத் திருப்பாமலே சொன்னார்: "இவனுக்குத் தெரியணும்னா என்கிட்ட கேக்கட்டும்."

"நீ போனை எடுப்பியா?" என்றார் மகன்.

"அடிச்சுப் பாரு."

அத்தான் இப்போதும் எழுதுகிறார். மொட்டைமாடித் தொந்திக்காரர் கூட நடனத்தில் தேறிவிட்டார். காற்று நாட்களில் ஒரே வரிதான்: "ஏறவில்லை, ஒன்றும் தெரியாது." அந்த ஜன்னலைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. மகன் திரும்பிப் போன பிறகும் சில வாரம் அவர் பெயர் பட்டியலில் இருந்தது, நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காணவில்லை. பின்தொடர்வதை நிறுத்திவிட்டிருந்தார். அத்தானிடம் ஓடிப்போய்ச் சொன்னேன், அவர் அக்காவிடம் சொன்னார். ஒரு வாசகர் போனதற்காக எங்கள் வீட்டில் சந்தோஷப்பட்டது அன்று ஒரு நாள்தான்.