புள்ளி தானாக அழியவில்லை

எனக்கு எழுபத்துநாலு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். வளர்ந்தார்கள் என்று சொல்லவில்லை, வளர்த்தேன் என்கிறேன். இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு நின்றது. இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் இந்த ஒரு இலக்கணத்தில் என்னை யாரும் ஜெயிக்க முடியாது.

என் வீட்டில் நல்லதெல்லாம் நான் செய்தது. மீன் குழம்பு வைத்தேன், மூத்தவனுக்குப் பெண் பார்த்தேன், வீட்டுக்கு ஓடு மாற்றினேன். கெட்டதெல்லாம் தானாக நடந்தது. பால் பொங்கிப் போச்சு. குடம் உடைஞ்சு போச்சு. என் வீட்டுக்காரருடைய ஒரே வெள்ளைச் சட்டை நீலமாகிப் போச்சு. முனிசிபாலிட்டியில் வேலை பார்த்த மனிதர், வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்: "நம்ம வீட்டுப் பாத்திரத்துக்குக் கால் இருக்கு. தானா நடந்து போய்க் கீழ விழும்."

பிள்ளைகள் மட்டும் அப்படிப் பேசக் கூடாது. "டம்ளர் உடைஞ்சு போச்சும்மா" என்று ஒன்று வந்து நின்றால், "தானா உடையுமா? உடைச்சேன்னு சொல்லு, அப்பத்தான் சோறு" என்பேன். சொல்லும் வரை தட்டு காலியாகத்தான் இருக்கும். அந்தச் சட்டம் எனக்குக் கிடையாது. போட்டவளே நான்தானே.

கடைக்குட்டி மகள் தேவராவில் ஒரு கப்பல் பட்டறையில் பிட்டர். என்னோடுதான் இருக்கிறாள். ஒரு பழைய கார் வைத்திருக்கிறாள். விடியற்காலை ஷிப்டுக்கு அந்தக் கார் இல்லாமல் அவள் போய்ச் சேர முடியாது. அண்ணன்மார் மூன்று பேரும் தங்கள் வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டுச் சாயா குடிப்பார்கள். இவள் எல்லாவற்றையும் எங்கள் வாசலில் போட்டு, தானே பார்ப்பாள்.

வாசலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் சுவரை ஒட்டி அரிசி கோடவுன். மூட்டை ஏறி இறங்கும் நாளெல்லாம் புறாக்களுக்குக் கல்யாணச் சாப்பாடு. தின்பது அங்கே, மற்றது எங்கள் வாசலில். மட்டாஞ்சேரிக்கு வாக்கப்பட்டு வந்த நாள் முதல் என் கையில் ஒரு துணி இருக்கிறது. எங்கே வெள்ளையாகக் கண்டாலும் கை தானாகப் போய்த் துடைத்துவிடும். தானாக என்று சொல்லிவிட்டேன், பாருங்கள்.

அன்று டைமிங் பெல்ட் மாற்றும் நாள். பெல்ட் என்றால் உள்பக்கம் பல் வைத்த ரப்பர் வார். இவ்வளவு தூரம் ஓடினால் மாற்ற வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டாம். நான் குனிந்து பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

"நல்லாத்தானே இருக்கு, மோளே?"

"அறுந்த பிறகு மாத்தி என்ன பிரயோஜனம்? நீங்க பழசைக் கேக்கத்தான் வந்திருக்கீங்கன்னு தெரியும்."

உண்மைதான். போன தடவை கழற்றிய பெல்ட் எங்கள் குப்பைத் தொட்டி மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு பூனை அந்தப் பக்கம் வருவதில்லை.

ஜாக்கி வைத்துத் தூக்கி, முன் சக்கரம் ஒன்றைக் கழற்றி, எஞ்சின் பக்கத்து மூடியையும் எடுத்தாள். உள்ளே மேலே ஒரு பல் சக்கரம், கீழே ஒன்று, இரண்டையும் சுற்றிப் பெல்ட்.

"ரெண்டும் ஒரே தாளத்துல சுத்தணும்மா. ஒரு பல்லு ரெண்டு பல்லு மாறிப் போட்டு ஸ்டார்ட் பண்ணினா, உள்ள ஒண்ணோட ஒண்ணு இடிச்சு வளைஞ்சிரும். எஞ்சின் தீர்ந்துச்சு. பின்ன வண்டியைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான்."

நான் சாயா போட உள்ளே போனேன். அந்த நேரத்தில்தான் அவள், எந்தச் சக்கரம் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு அடையாளம் வைத்திருக்கிறாள். கம்பெனி போட்ட அடையாளம் மங்கிப் போயிருந்ததால், பேத்தியின் பள்ளிக்கூடப் பையிலிருந்து ஒயிட்னரை எடுத்து மேல் சக்கரத்தில் ஒரு புள்ளி, அதற்கு நேர் எதிரே பின்னாலுள்ள தகட்டில் ஒரு புள்ளி. கீழேயும் அப்படியே. நான் வெளியே வந்தபோது பழைய பெல்ட் தரையில் கிடந்தது. அவள் புது வாரை இறுக்கிப் பிடிக்கும் குட்டிச் சக்கரத்தைக் காதருகே வைத்துச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரகரவென்று சத்தம். கடையில் மாற்றிக்கொண்டு வர இடப்பள்ளிக்குப் புறப்பட்டாள்.

"அம்மா, நீங்க ஒண்ணும் தொடாதீங்க. புறா வராம மட்டும் பாத்துக்கோங்க."

"நான் என்ன குழந்தையா?"

"குழந்தைன்னா சொன்னா கேக்கும்."

பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, கையில் ஒரு குச்சியோடு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஒரு புறாவையும் அண்ட விடவில்லை. பிறகு பார்க்கிறேன், மேல் சக்கரத்தில் வெள்ளையாக ஒரு சொட்டு. என் காவலில், என் கண் முன்னால். ரோஷம் வந்துவிட்டது. ஈரத்துணியால் துடைத்தேன், போகவில்லை. என்ன தின்று தொலைத்த புறாவோ என்று திட்டிக்கொண்டே மண்ணெண்ணெய் தொட்டு அழுத்தித் தேய்த்தேன். சக்கரம் டக்கென்று ஒரு விரற்கடை நகர்ந்தது. சொட்டு போய்விட்டது. சக்கரம் பளபளவென்று இருந்தது. எனக்கு அதில் ஒரு பெருமைகூட.

அப்புறம்தான் பின்னால் தகட்டில் இன்னொரு வெள்ளையைக் கண்டேன். கீழ்ச் சக்கரத்தில் ஒன்று, அதன் எதிரே ஒன்று. எல்லாம் ஒரே அளவு. புறா இத்தனை ஒழுங்காகப் போடாது. மகள் வைத்த அடையாளம்.

நல்ல பொம்பளையாக இருந்தால் மகள் வரும் வரை காத்திருந்து சொல்லியிருப்பாள். நான் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தேன். சுண்டு விரலில் சுண்ணாம்பைத் தொட்டு, தகட்டில் இருந்த புள்ளிக்கு நேர் எதிரே சக்கரத்தில் ஒரு புள்ளி வைத்தேன். கோலம் போட்ட கை. அவள் வைத்ததைவிட அழகாக, வட்டமாக வந்தது. தள்ளி நின்று ரசித்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

மகள் திரும்பி வந்தாள்.

"புறா ஏதும் வந்துச்சா?"

"ஒண்ணுகூட வரல." பொய் இல்லையே.

புள்ளியைப் பார்த்துப் பார்த்துப் புது பெல்ட்டை மாட்டினாள். குட்டிச் சக்கரத்தை வைத்து இறுக்கினாள். கீழே ஸ்பேனரைப் போட்டுக் கையால் மெதுவாக இரண்டு சுற்று சுற்றினாள். என் சுண்ணாம்புப் புள்ளி சுற்றிவிட்டு வந்து சொன்ன இடத்தில் நின்றது. "பர்பெக்ட்" என்றாள். மூடியை வைத்தாள். ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கினாள். இந்த போல்ட் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அது முடிந்துவிடும், அடுத்ததற்குச் சொல்லலாம் என்று இருப்பேன். முன் சக்கரத்தையும் மாட்டி, ஜாக்கியை இறக்கி, கையைத் துடைத்துக்கொண்டு சீட்டில் ஏறினாள்.

"முதல் சவாரி உங்களுக்குத்தான். ஏறுங்க."

அவள் கை சாவியில். நான் ஜன்னல் வழியாக அந்தக் கையைப் பிடித்தேன்.

"மோளே, அந்த மேல் சக்கரத்துப் புள்ளி அழிஞ்சு போச்சு."

"இல்லம்மா, இப்பத்தானே பாத்தேன். நல்லா வெள்ளையா இருக்கு. குழப்பம் ஒண்ணும் இல்ல, கையை எடுங்க."

என் பழைய இலக்கணம் அன்று என்னைக் கைவிட்டது. அழிஞ்சு போச்சு என்று இன்னும் நூறு தடவை சொன்னாலும் அவள் சாவியைத் திருப்பத்தான் போகிறாள். வண்டி பழைய இரும்புக்கடைக்கு, மகள் இருட்டோடு பஸ் ஸ்டாப்புக்கு. அவள் கையை விடாமலே சொன்னேன்.

"அழிச்சேன். நான்தான் அழிச்சேன். புறா எச்சம்னு நினைச்சுத் தேச்சேன். தேய்க்கும்போது சக்கரம் டக்குனு நகந்துச்சு. நீ பாத்த புள்ளி நான் வச்சது."

சாவியை விட்டுவிட்டாள். "எதால வச்சீங்க?"

"சுண்ணாம்பு."

"வெத்தலைச் சுண்ணாம்பா?"

"நல்ல சுண்ணாம்புதான்."

இறங்கினாள். மறுபடியும் ஜாக்கி, மறுபடியும் சக்கரம், மூடி, எல்லாம். பிறகு போனை எடுத்தாள். கழற்றுவதற்கு முன்னால் ஒரு படம் எடுத்து வைத்திருந்தாளாம். சக்கரத்தில் இருக்கும் ஓட்டைகளை எண்ணி, படத்தோடு ஒத்துப் பார்த்து, இரண்டு விரலைக் காட்டினாள்.

"ரெண்டு பல்லு மாறியிருக்கு."

என் வாயில் மிச்சம் இருப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"படம் இருக்குல்ல? முதல்லயே பாத்திருக்கலாம்ல?" என்று நான் அவளையே கேட்டேன். வெட்கம் என்பது எனக்கு மெதுவாகத்தான் வரும்.

"புள்ளி இருக்கும்போது படத்தை யாரு பாப்பா? நீங்க சொல்லலைன்னா இந்நேரம் முடிஞ்சிருக்கும்."

வேலை முடிந்து அவள் சாவியைத் திருப்பியபோது நான் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி இரும்பாகிவிடாமல், வழக்கம்போல் உறுமியது. கோடவுன் கூரையில் இருந்த புறாக்கள் மொத்தமும் பறந்தன.

கையைக் கழுவி வந்து, அன்று அவளே எனக்குத் தட்டு வைத்தாள். "அழிச்சேன்னு சொன்னீங்கல்ல, அதான் சோறு" என்றாள். பிறகு போனில் மற்ற நாலு பேரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். மூத்தவன் என்னிடம் கேட்டான்: "என்னம்மா, நம்ம வீட்டு வண்டிக்கும் கால் முளைச்சுதா?" அவன் அப்பாவின் குரல் அப்படியே.

இதை நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். கடைக்குட்டியின் மகள், ஒயிட்னருக்குச் சொந்தக்காரி. அவளுக்கு மலையாளம்தான் கைக்குச் சுலபம். எந்த ல, எந்த ற என்று என்னைக் கேட்கிறாள். நானும் தெரிந்த மாதிரிச் சொல்கிறேன். அது எப்படி இருந்தாலும் போகட்டும். ஒரு இடத்தில்தான் எனக்குச் சந்தேகம். அம்மம்மா மேல் பிரியம் அவளுக்கு, அந்தப் புள்ளி விஷயம் வந்தபோது என் முகத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினாள்.

"மோளே, அந்த இடத்தை வாசி. அழிச்சேன்னு எழுதியிருக்கியா, அழிஞ்சு போச்சுன்னு எழுதியிருக்கியா? சத்தமா வாசி, நான் கேக்கட்டும்."